புதைக்காத புதையல்

புதையல் என்னும் சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் எழுவன மண்வெட்டியும் பொற்குடமும் ஆகும். புதைக்கப்பட்டது எதுவோ அது புதையல். சொல்லின் பிறப்பே அப்படி. ஆனால், புதைக்கவே கூடாது என்பதை விதியாகக் கொண்ட ஒரு புதையல் விளையாட்டு இன்று உலகின் பல நாடுகளில் ஆடப்பட்டு வருகின்றது. அதில் மண்ணைத் தோண்டலாகாது. மரத்தில் ஆணி அறையலாகாது. பிறர் நிலத்தில் அவருடைய இசைவின்றி எதையும் வைக்கலாகாது. கண்டெடுத்தவர் பெட்டியைக் கொண்டு செல்லவும் கூடாது. உள்ளேயிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோக முடியாத புதையலைத் தேடி மக்கள் வெயிலிலும் மழையிலும் அலைவானேன்?

ஈப்போவில் வாழும் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவரும் முதலில் இப்படித்தான் கேட்டார். கேட்டது தம் பேரனிடம். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த அவ்விளைஞன் விடை சொல்லவில்லை. “வாருங்கள் தாத்தா, நடந்துவிட்டு வரலாம்” என்று பழைய நகரத்துக்கு அழைத்துச் சென்றான்.

ஈப்போ இரயில் நிலையத்தின் எதிரில் ஓர் ஈப்போ மரம் நிற்கின்றது. நகரத்துக்குப் பெயர் கொடுத்தது அம்மர இனம்தான். அதன் பால் நஞ்சுடையது. பழங்குடி மக்கள் அதனைத் தம் ஊதுகுழல் அம்புகளில் தடவி வேட்டையாடினர். எதிரே நிற்கும் வெண்ணிற நிலையக் கட்டடம் ஹப்பக் என்னும் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1917-ஆம் ஆண்டில் நிறைவுற்றது. இவற்றையெல்லாம் ஆசிரியர் வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறார். அன்று பேரன் கைப்பேசியில் இரண்டு எண்களைக் காட்டினான். ஒன்று வடக்கு 4 பாகையில் தொடங்கியது. மற்றொன்று கிழக்கு 101 பாகையில் தொடங்கியது. அவற்றைப் பின்பற்றிச் சில தெருக்களைக் கடந்ததும் எண்கள் ஓர் இருக்கையருகே நின்றுவிட்டன. “இனிமேல் கருவி உதவாது, கண்தான் உதவும்” என்றான் பேரன். ஆசிரியர் குனிந்தார், தடவினார், கால்மணி நேரம் கழித்து, இருக்கையின் அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்த விரல்நுனி அளவுக் குப்பி ஒன்றைக் கண்டார். உள்ளே சுருட்டிய தாள். அதில் பல நாட்டாரின் கையெழுத்துகள். முப்பது ஆண்டுகளாகத் தாம் உட்கார்ந்து எழுந்துபோன இருக்கை அது என்பதை எண்ணியபோது அவருக்குச் சிரிப்பும் வந்தது. சற்றே வெட்கமும் வந்தது.

ஜியோகேச்சிங் என்பது அவ்விளையாட்டின் பெயர். ஜியோ என்பது நிலத்தைக் குறிக்கும் கிரேக்க அடிச்சொல். கேச் என்பது ஒளித்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வேரிலிருந்து வந்தது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் பூமியை வலம்வரும் துணைக்கோள்களில் குறைந்தது நான்கின் குறிகைகளைப் பெற்று, நிற்கும் இடத்தைக் கணிப்பது இக்கருவியின் வேலை. அமெரிக்க அரசு பொதுமக்களுக்குக் கிடைத்த குறிகைகளில் வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. அதனால் கணிப்பு நூறு மீட்டர் வரை தவறும். அத்தடையை நீக்குவதாக அதிபர் கிளின்டன் 2000-ஆம் ஆண்டு மே முதல் நாள் அறிவித்தார். இரண்டே நாளில், மே 3 அன்று, ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியில் சில பொருள்களை இட்டு ஒரு காட்டோரத்தில் வைத்தார்; அவ்விடத்தின் எண்களை உலகுக்கு அறிவித்தார். சில நாள்களுக்குள் அதைத் தேடிக் கண்டவர்கள் தோன்றிவிட்டனர். இன்று முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் உலகில் ஒளிந்திருக்கின்றன. மலேசியாவும் அதற்கு விலக்கன்று.

அந்த முதல் வாளி பாதியளவு மண்ணில் புதைக்கப்பட்டிருந்தது. அதனுள் ஒரு டப்பா பயறும் இருந்தது. இரண்டுமே இன்றைய விதிகளுக்கு மாறானவை. புதைத்தால், தேடுவோர் ஒவ்வொருவரும் மண்ணைக் கிளறுவர். ஒரு பெட்டிக்காக ஒரு சரிவே பாழாகும். உணவுப் பொருளை வைத்தால் எலியும் அணிலும் குரங்கும் மோப்பம் பிடித்துப் பெட்டியைக் கடித்துச் சிதைக்கும். ஆகவே விதிகள் மேலிருந்து வந்தவையல்ல, பட்டறிவிலிருந்து பிறந்தவை. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்று வகுப்பில் சொல்லி வந்த ஆசிரியருக்கு இது பிடித்துப்போயிற்று.

அன்று தொடங்கிய பழக்கம் வளர்ந்தது. பேரன் விடுமுறை முடிந்து சென்ற பின்னும் ஆசிரியர் தனியே தேடலானார். அவருடைய தோள்பையில் சேர்ந்தவை மிக எளியவை: கைப்பேசி, அதற்கு மின்னூட்டும் சிறு கட்டை, கைவிளக்கு, நீர்ப்புட்டி, கொசு மருந்து, தடித்த கையுறை, சுருட்டிய தாளை வெளியே இழுக்க ஓர் இடுக்கி, இரண்டு பென்சில்கள், ஒரு கைத்தடி. பேனாவை அவர் விட்டுவிட்டார். பேராக்கின் ஈரக்காற்றில் மை ஊறிப் பரவும், பென்சில் எழுத்து நிற்கும். கைத்தடி நடப்பதற்கு மட்டுமன்று. பொந்திலும் கல்லிடுக்கிலும் வெறுங்கையை விடுவது அறிவுடைமையாகாது. செம்பனைத் தோட்டங்களில் எலிகள் மிகுதி. எலி மிகுந்த இடத்தில் பாம்பும் மிகுதி. முதலில் கோல், பிறகு விளக்கு, கடைசியில் கை என்பது அவர் தமக்கு வகுத்துக்கொண்ட வரிசை.

பெட்டிகளிலும் தரம் உண்டு. நகரத்தில் விரல்நுனிக் குப்பி போதும். புகைப்படச் சுருள் வந்த பழைய டப்பிகளைச் சிலர் பயன்படுத்துவர். ஆனால் அவற்றின் மூடி மழைக்குத் தாங்காது. படைத்துறையினர் தோட்டா வைத்த இரும்புப் பெட்டி உறுதியானது; எனினும் தோட்டாப் பெட்டி ஒன்றைப் புதரில் காண்பவர் காவல் நிலையத்துக்கு ஓடுவது இயல்பு. நான்கு பக்கமும் பூட்டும் நெகிழி உணவுப் பெட்டியே நம் நாட்டு மழைக்கு ஏற்றது. அதன் மூடிக்குள் ஓடும் மெல்லிய வளையந்தான் நீரைத் தடுக்கின்றது. உள்ளே குறிப்பேடு, பென்சில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம், சிறுவர் மாற்றிக்கொள்ளச் சில விளையாட்டுப் பொருள்கள். ஒன்றை எடுத்தால் அதற்கு இணையான ஒன்றை வைக்க வேண்டும். கத்தி, தீப்பெட்டி, மருந்து, மது ஆகியவை கூடா. பெட்டியின் மேல் அது இன்னதென்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். ஒரு பெட்டிக்கும் மற்றொன்றுக்கும் இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும். புதிய பெட்டி எதுவும் தன்னார்வலர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே அறிவிக்கப்படும்.

வைக்கக் கூடாத இடங்களும் பல. பள்ளி வாயில், இரயில் தண்டவாளம், பாலத்தின் அடி, மின்பெட்டி என்பன எங்கும் பொது. கிந்தாப் பள்ளத்தாக்குக்கு வேறொரு கவலையும் உண்டு. ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளில் வாழும் நத்தைகளுள் சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டுமே காணப்படுபவை. ஒரு கல்லைப் பெயர்த்து அதன்பின் ஒரு டப்பாவைச் செருகுபவர், உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் உயிரின் வீட்டைப் பெயர்த்தவராகலாம். குகைகளில் வௌவால்கள் உறங்குகின்றன. அங்கே துணைக்கோளின் குறிகையும் பாறையில் பட்டுச் சிதறும்; கருவி பொய் சொல்லும். குன்றுகளை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பெட்டியைக் குன்றடியின் பொதுப்பூங்காவில் வைப்பதே நன்று.

இவ்வாறு இரண்டாண்டு தேடிய பிறகு, தாமும் ஒரு பெட்டியை ஒளித்து வைக்க வேண்டும் என்னும் ஆசை ஆசிரியருக்கு உண்டாயிற்று. எங்கே வைப்பது என்னும் கேள்வி எழவேயில்லை. தாம் பிறந்த தோட்டம் அவர் கண்முன் நின்றது.

ஈப்போவிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது சுங்கை சிப்புட். 1948-ஆம் ஆண்டு ஜூன் 16 அன்று அங்குள்ள தோட்டங்களில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்தே மலாயாவில் அவசரகாலம் வந்தது என்பதை வரலாற்று மாணவர் அறிவர். அதற்கு மேற்கே உள்ள கோலகங்சாரில் 1877-ஆம் ஆண்டு நடப்பட்ட ரப்பர் கன்றுகளுள் ஒன்று என்று குறிக்கப்படும் முதுமரம் இன்றும் காட்சிப் பொருளாக நிற்கின்றது. ஒரு மரத்துக்கு வேலியும் பெயர்ப்பலகையும் வாய்த்தன. அம்மரத்தின் வழிவந்த இலட்சக்கணக்கான மரங்களையும், அவற்றினடியில் வாழ்ந்த மக்களையும் குறிக்கப் பலகைகள் மிகச் சிலவே. 1950-களில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது தொழிலாளர் வேலையும் வீடும் ஒருங்கே இழந்தனர். அந்நிலையில்தான் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் முன்னின்று 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளரின் சிறு சேமிப்பே தோட்டங்களை வாங்கும் முதலாயிற்று. எனினும் எல்லாத் தோட்டமும் மீளவில்லை. பின்வந்த ஆண்டுகளில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. இன்று நகரத்தில் இயங்கும் தமிழ்ப்பள்ளிகள் சில, மறைந்துபோன தோட்டத்தின் பெயரைச் சுமந்து நிற்கின்றன. தோட்டம் இல்லை; பெயர் இருக்கின்றது.

ஆசிரியரின் தோட்டத்துக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை. அடுத்த விடுமுறையில் பேரனுடன் அங்குச் சென்றபோது லயங்கள் நின்ற இடத்தில் செம்பனை வரிசை. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் பழக்குலை ஏற்றும் லோரித் தடம். ஆயாக்கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒரு மூலை மட்டும் பாசி படர்ந்து கிடந்தது. அங்கே நின்று, கைப்பேசி காட்டிய எண்களை ஆசிரியர் தம் கையேட்டில் எழுதிக்கொண்டார். தாம் பிறந்த ஊருக்கு இனி எஞ்சிய முகவரி இவ்விரண்டு எண்கள்தாம் போலும் என்று அவருக்குத் தோன்றியது.

“இங்கேயே வைத்துவிடலாம்” என்றார்.

“இது நிறுவனத்தின் நிலம், தாத்தா. அலுவலகத்தில் கேட்க வேண்டும்.”

ஆசிரியரின் முகம் மாறியது. “என் தாய் இருபத்தைந்து ஆண்டு பால் வெட்டிய மண் இது. இதில் ஒரு சிறு டப்பா வைக்க நான் யாரிடம் இசைவு கேட்பது?”

பேரன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னான்: “நீங்கள் வைத்துவிட்டு வந்துவிடுவீர்கள். தேடி வருகிறவர்கள்தாம் பிடிபடுவார்கள். அத்துமீறி நுழைந்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்கு வரும்.”

ஆசிரியர் பதில் சொல்லாமல் நடந்தார். தோட்டத்தை விட்டு மக்கள் வெளியேறிய நாள் அவர் நினைவில் இருந்தது. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு தாள் வந்தது, ஒரு தேதி வந்தது, லோரி வந்தது. அப்படிக் கேட்காமல் செய்யப்பட்டதன் வலிதான் இத்தனை ஆண்டும் அவர் நெஞ்சில் கிடந்தது. அதை அறிந்தவரே கேட்காமல் ஒன்றைச் செய்யலாமா? கேட்பது தாழ்ச்சி என்று எண்ணியது தவறு. தமக்கு மறுக்கப்பட்ட மரியாதையைத் தாமாவது ஒருவருக்குக் காட்டுவதே அந்த இழப்புக்குச் செய்யக்கூடிய சிறப்பு. லோரித் தடத்தின் முடிவை எட்டுவதற்குள் அவர் கால்கள் அலுவலகத்தை நோக்கித் திரும்பியிருந்தன.

அங்கிருந்த மேலாளர் இளைஞர். வந்தவர் ஆசிரியர் என்று அறிந்ததும் “சிக்கு” என்றே மரியாதையாக அழைத்து நாற்காலி தந்தார். பேரன் விளையாட்டை விளக்கினான். அவர் பொறுமையாகக் கேட்டார், பிறகு மறுத்தார். குலை திருடுவோர் தொல்லை, லோரிப் போக்குவரத்து, வெளியார் நுழைந்து அடிபட்டால் வரும் பொறுப்பு எனக் காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்தக் காரணமும் பொய்யன்று. எழுந்து வழியனுப்பும்போது ஒன்று சொன்னார்: “சாலையோரக் கோயில் எங்கள் எல்லைக்கு வெளியே இருக்கிறது, சிக்கு. அங்கே இரண்டு பழைய ரப்பர் மரங்களும் நிற்கின்றன.”

தோட்டத்து மாரியம்மன் கோயில்தான் அது. மக்கள் போன பின் சாலையோரத்துக்கு இடம் மாறி, சிறு தகரக் கூரையின் கீழ் இருந்தது. கோயிற்குழுத் தலைவர் ஆசிரியருடன் ஒரே பெரட்டுக் களத்தில் விளையாடியவர். அவரும் உடனே தலையசைக்கவில்லை. “வெள்ளிக்கிழமை பூசை நேரத்தில் செருப்புக் காலோடு வந்து கிளறுவார்களா, வாத்தியாரே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பெட்டி கோயில் வேலிக்கு வெளியே இருக்கும், பூசை வேளையில் தேடக் கூடாது, கோயிலுக்குள் தேட ஒன்றுமில்லை என்பனவற்றை அறிவிப்பில் எழுதுவதாக ஒப்புக்கொண்ட பிறகே இசைவு கிடைத்தது.

பெட்டிக்கு உறை வேண்டியிருந்தது. ஆசிரியரின் மேசையில் அவர் தாயின் பால்மங்கு ஒன்று நெடுநாளாகப் பேனா தாங்கியாக இருந்தது. அதையே கொண்டு வந்தார். ரப்பர் விதைகளையும் ஒரு கைப்பிடி பெட்டிக்குள் இட விரும்பினார்; அணில் விடாது என்று பேரன் தடுத்துவிட்டான். மங்கை நிமிர்த்திக் கட்டலாம் என்றார். மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும் என்று மறுபடியும் தடுத்தான். ஆசிரியர் சிரித்துவிட்டார். “வெட்டில்லாத நாளில் மங்கைக் கவிழ்த்து வைப்பதுதான் தோட்ட வழக்கம். உன் விதியும் எங்கள் வழக்கமும் ஒன்றாகத்தான் இருக்கின்றன” என்றார். ஆணியில்லாமல், மரத்தைச் சுற்றித் தளர்வாகக் கட்டிய கம்பி வளையத்தில் மங்கு கவிழ்ந்து தொங்கியது. அதனுள் குப்பி ஒளிந்தது.

தேடுவோருக்கு ஒரு குறிப்பு எழுத வேண்டும். பால் வெட்டியவர்க்கு அது ஒரு நொடியில் விளங்க வேண்டும். மற்றவர் யாரையேனும் கேட்டறிய வேண்டும். ஆசிரியர் எழுதினார்: “வெட்டுக்கோடு தாழும் பக்கம், வெட்டில்லாத நாள்.” பட்டைக்குள் பால்குழாய்கள் செங்குத்தாக ஓடுவதில்லை, இடக்கீழிலிருந்து வலமேலாகச் சற்றே சாய்ந்து ஏறுகின்றன. ஆகையால் கோட்டை இடமேலிருந்து வலக்கீழாக இறக்கினால் மிகுதியான குழாய்கள் வெட்டுப்படும்; பாலும் மிகுதியாக வடியும். மங்கு வலப்பக்கத்தில் தாழ்ந்த முனையில் அமையும். விடியுமுன் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால்தான் இருளிலேயே வெட்டத் தொடங்கினர். நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு காலையில் நூற்றுக்கணக்கான மரங்களைக் கண்டவர்களுக்கு இந்த அறிவியலை எவரும் பாடமாகச் சொல்லித் தரவில்லை. கை அறிந்திருந்தது.

அறிவிப்பில் தோட்டத்தின் கதையைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் அவர் எழுதினார். குறைகூறி எழுதவில்லை. எங்கே லயம் இருந்தது, எங்கே பெரட்டு நடந்தது, எந்த மணிக்குச் சங்கு ஊதியது என்பனவற்றை மட்டும் எழுதினார். தோட்டத்துக்குள் நுழைய வேண்டாம் என்பதையும் எழுதினார்.

பெட்டி வைத்த பிறகும் கடமை முடிவதில்லை. ஒளித்தவரே காக்க வேண்டும் என்பது இவ்விளையாட்டின் மற்றொரு விதி. மாதம் ஒருமுறை ஆசிரியர் பேருந்தேறிச் செல்வார், ஈரத்தாளை மாற்றுவார், மங்கைத் துடைப்பார், சுற்றிக் கிடக்கும் குப்பையைப் பொறுக்குவார். தாளில் முதலில் எழுதியவர் ஒரு வெளிநாட்டுத் தம்பதியர். அடுத்து ஒரு மலாய்க் குடும்பம்; குழந்தைகள் ஒரு பூ வரைந்திருந்தார்கள். அடுத்து ஒரு சீன இளைஞர், நாளும் பெயரும் மட்டும். ஐந்து மாதம் வரை தமிழ் எழுத்து இல்லை. ஆசிரியர் அதைப்பற்றி எவரிடமும் சொல்லவில்லை.

ஆறாம் மாதம் அவர் சென்றபோது தாளின் கடைசி வரிகள் பென்சிலால் தமிழில் இருந்தன. எழுத்து பழக்கமில்லாத கையுடையது. ஓரிடத்தில் ஒற்றும் விடுபட்டிருந்தது.

“கோலாலம்பூரிலிருந்து வந்தேன். குறிப்பு புரியவில்லை. அம்மாவுக்குத் தொலைபேசியில் கேட்டேன். எந்தப் பக்கம் மங்கு இருக்கும் என்று சொன்னார். பாட்டி எந்தத் தோட்டத்தில் வெட்டினார் என்றும் இன்றுதான் சொன்னார். இது இல்லை. பக்கத்துத் தோட்டம். அடுத்து அங்கே போகிறேன்.”

ஆசிரியர் அதை இருமுறை படித்தார். நாற்பது ஆண்டுப் பழக்கத்தால், விடுபட்ட ஒற்றைச் சேர்க்கப் பென்சிலை எடுத்தார். பிறகு அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, தாளைச் சுருட்டிக் குப்பியில் இட்டு, மங்கைக் கவிழ்த்து வைத்தார்.